காறலும் கருவும்: ஆரோக்கியமான கர்ப்பத்தில் ஒட்சியேற்றத் தகைப்பை அளத்தல்

நமது துறைமுகத்தில் நங்கூரச் சங்கிலி துருப்பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொழுப்புள்ள மீனின் கருவாடு நாட்பட்டால் மஞ்சள் படிந்து காறல் வாடை வீசுவதும் நமக்குத் தெரிந்ததே. இரண்டுக்கும் காரணம் ஒட்சியேற்றம். இத்தாக்கம் நமது உடலிலும் ஓயாமல் நடக்கிறது.

சுவாசிக்கும் ஒட்சிசனின் பெரும்பகுதி இழைமணிகளில் நீராக மாறுகிறது. சிறு பகுதி, தாக்குதிறன் மிக்க மூலிகங்களாகிறது. அவற்றை அடக்குவதற்குக் குளுட்டாதயோன், விற்றமின் சி, விற்றமின் ஈ, சில நொதியங்கள் ஆகியவை உள்ளன. இக்காவலை மூலிகங்கள் மிஞ்சும் நிலையே ஒட்சியேற்றத் தகைப்பு. 1985 இல் ஜேர்மன் அறிஞர் ஹெல்முட் சீஸ் இக்கருத்தை வரையறுத்தார்.

கர்ப்பத்தின் 8ஆம் வாரத்தில் சூல்வித்தகத்தில் ஒட்சிசனின் அமுக்கம் 20 மில்லிமீற்றர் இரசத்துக்கும் குறைவு. அதுவரை தாயின் குருதிக் குழாய்களின் வாய்கள் அடைபட்டிருக்கும். இளங்கருவுக்கு அல்லாஹ் அமைத்த காவல் அது. அடைப்பு விலகியதும், 12ஆம் வாரத்தில் அமுக்கம் 50 ஐத் தாண்டுகிறது. ஆகவே சுகதேகியான தாயிலும் ஒட்சியேற்றம் ஓரளவு கூடுவது இயல்பே, அது நோயல்ல.

இதை எப்படி அளப்பது? மூலிகங்கள் கணப்பொழுதில் மறைந்துவிடுவதால் அவை விட்டுச்செல்லும் சுவடுகளையே அளக்கிறார்கள். கொழுப்புச் சிதையும்போது உண்டாகும் மலோன்டையல்டிகைட்டைத் தயோபாபிற்றூரிக் அமிலத்துடன் சூடாக்கினால் இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். 532 நனோமீற்றர் ஒளியை அது உறிஞ்சும் அளவிலிருந்து செறிவைக் கணிக்கலாம். மீனின் காறலை அறியவும் உணவு ஆய்வுகூடங்கள் இதே சோதனையைச் செய்கின்றன. குருதியிலுள்ள வேறு பொருள்களும் இந்நிறத்தைத் தரக்கூடும் என்பதால், ஐசோபுரொஸ்தேன்களை அளப்பது கூடுதல் நம்பகமானது.

கிடைத்த எண்ணை வாசிப்பதிலும் கவனம் தேவை. கர்ப்பத்தில் குருதித் திரவவிழையம் ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம் கூடுவதால் சில பொருள்கள் ஐதாகின்றன. குருதியில் கொழுப்போ உயர்கிறது. எனவே கர்ப்பமில்லாத பெண்ணுடன் ஒப்பிட்டால் முடிவு பிழைக்கும். அதே வாரத்திலுள்ள சுகதேகியான தாய்மாரே சரியான அளவுகோல். குருதி மாதிரியை உடனே குளிரூட்டாவிட்டால் குழாய்க்குள்ளேயே ஒட்சியேற்றம் தொடரும்.

குருதியமுக்கம் உயர்ந்து, பெரும்பாலும் சிறுநீரில் புரதமும் வெளியேறும் முன்சூல்வலிப்பு நோயில் இச்சுவடுகள் கூடுதலாகக் காணப்பட்டன. அப்படியானால் விற்றமின்களால் அதைத் தடுக்கலாமே என எண்ணினார்கள். 2006 இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், ஆபத்துக் கூடிய சுமார் 2,400 தாய்மாரில் ஒரு பகுதியினருக்கு நாளாந்தம் 1000 மில்லிகிராம் விற்றமின் சியும் 400 அலகு விற்றமின் ஈயும் கொடுக்கப்பட்டன. நோய் குறையவில்லை, நிறை குறைந்த குழந்தைகளே கூடினர். 2016 இல் உலக சுகாதார நிறுவனமும், பேறுகால நலனுக்காக இவ்விரண்டையும் மேலதிகமாகக் கொடுப்பதைப் பரிந்துரைக்கவில்லை. கிளினிக்கில் இரும்புச்சத்துடன் தரப்படும் சிறிதளவு விற்றமின் சி வேறு. இரும்பு உறிஞ்சப்பட அது உதவுகிறது. அதை நிறுத்தக் கூடாது.

பெற்றோரே, மாணவியரே, கர்ப்பிணிக்கு "ஒட்சியேற்ற எதிரி" என்று விற்கப்படும் மாத்திரைகளை வைத்தியரிடம் கேளாமல் வாங்காதீர்கள். முருங்கைக் கீரையும் நெல்லியும் பழங்களும் உணவில் இருக்கட்டும். கிளினிக்கில் குருதியமுக்கமும் சிறுநீரும் பார்க்கும் நாளை மட்டும் ஒருபோதும் தவறவிடாதீர்கள். ஒட்சியேற்றச் சுவடுகளை அளப்பது இன்னும் ஆய்வுகூடத்து வேலை. உங்கள் உம்மாவையோ ராத்தாவையோ காப்பது அந்த எளிய இரண்டு சோதனைகளே.