பிரி என்னுஞ் சொல்

பிரித்தல், பகுத்தல், நீக்குதல் என்னும் மூன்றனையும் உலகினர் ஒருபொருட் சொற்களாக வழங்குவர். உலகியலில் அதனால் வரும் இழுக்கு யாதுமில்லை. ஆயின், சித்தாந்த நூல்களைப் பயில்வார்க்கு இவற்றின் வேற்றுமை தெளியாதாயின், அத்துவிதம் என்பதன் பொருளும் உடன் மயங்கும். ஆதலின் பிரி என்னும் முதனிலையின் பொருளை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

வைக்கோற்பிரி, பிரிமணை என்னும் வழக்குக்களிற் காணப்படும் பிரி வேறு சொல். முறுக்குதற் பொருட்டாகிய புரி என்பதே, அவ்விடங்களிற் பிரியென மருவிற்று. முப்புரிநூல், வலம்புரி என்பவற்றில் அதன் பழைய வடிவம் திரியாது நிற்றல் காண்க. நாம் ஆராயும் பிரியோ கூடியிருந்தன விலகுதலைக் குறிப்பது. மலையாளத்தும் இப்பொருளில் இம்முதனிலை வழங்குகின்றது. வல்லின றகரம் பெற்றுப் பிறிவு என வரும் வடிவமும் நூல்களிற் பயிலும்.

இனி, பகுத்தலாவது ஒரு பொருளைக் கூறுபடுத்துதல். பகுப்பு, பங்கு, பாதி முதலியன இதன்வழி வந்தன. பகுதி என்னுஞ் சொல்லிலோ ஓர் எச்சரிக்கை வேண்டும். கூறு எனப் பொருள்படும் பகுதி தமிழ் முதனிலையிற் பிறந்தது. மூலப்பிரகிருதியைக் குறிக்கும் பகுதியும், விகுதிக்கு இணையாக இலக்கண நூலார் ஓதும் பகுதியும் பிரகிருதி என்னும் வடசொல்லின் சிதைவு. தத்துவங் கூறுமிடத்துப் பகுதி என்பதனைக் கூறு எனக் கொள்ளின் பொருள் முற்றும் பிறழும்.

பிரித்தற்கும் பகுத்தற்கும் உள்ள வேற்றுமையைத் தமிழிலக்கணமே காட்டாநிற்கும். பவணந்தி முனிவர் நன்னூலில் ஒருமொழியை உறுப்புக்களாகக் காணுமிடத்துப் பகுபதம் என்றார், பிரிபதம் என்றாரல்லர். நிலைமொழியும் வருமொழியுமாகிய இரண்டு கூடிநிற்பதனையோ நாம் பிரித்தெழுதுகின்றோம். பலருள் ஒருவரை வேறெடுத்துக் காட்டும் ஏகாரம் பிரிநிலை எனப்பட்டது. அகத்திணையிலும் பாலைக்கு உரிப்பொருள் பிரிதல். தலைவனும் தலைவியும் இருவராகலின் ஆண்டுப் பிரிவு உளதாயிற்று. இவ்வாறு எழுத்திலும் அகத்திலும் புணர்தற்கு மறுதலையாய் நிற்பது பிரிதலேயன்றிப் பகுத்தலன்று. ஆகவே, ஒன்றை இரண்டாக்குவது பகுத்தல். இரண்டாயுள்ளன தம்முள் விலகுவது பிரிதல் என்பது பெற்றாம்.

அற்றேல், தென்னார்க்காடு மாவட்டம் 1993-ஆம் ஆண்டிற் கடலூர், விழுப்புரம் எனப் பிரிந்ததென்பரே, ஆண்டு ஒன்றன்றோ இரண்டாயிற்று எனின், அற்றன்று. சிதம்பரம், விருத்தாசலம், திண்டிவனம் முதலிய வட்டங்கள் முன்னரே பலவாய் ஓராட்சியிற் கூடி நின்றன. அவை தம்முட் பிரிந்தன. மாவட்டத்தை ஒன்றாக நோக்குவார் பகுத்தல் என்பர். வட்டங்களைப் பலவாக நோக்குவார் பிரித்தல் என்பர். மெய்கண்டதேவரின் தந்தையார் அச்சுதகளப்பாளரது பெண்ணாகடமும், அருணந்தி சிவாசாரியரது திருத்துறையூரும் கடலூர்ப்பால் நிற்ப, திருவெண்ணெய்நல்லூர் விழுப்புரத்தைச் சார்ந்ததும் இதனாலே.

இனிச் சித்தாந்தத்துக்கு வருவாம். உயிர் இறைவனது கூறு என்பார், பிரிவின்மையைப் பகுப்பின்மையாகக் கொண்டு மயங்குகின்றனர். பகுக்கப்படும் பொருள் விகாரமுறும். இறைவனோ விகாரமில்லாதவன், ஆகலின் உயிர் அவனிற் பகுத்தெடுத்த கூறு ஆகாது. பிரிவின்றி நிற்றல் என்னும் சொல்லே நிற்பன இரண்டென்பதை உள்ளடக்கியது. ஒன்றேயாயிற் பிரிவை மறுக்க வேண்டுவதில்லை.

பாசத்தின் நிலை இதனின் வேறு. சார்ந்த ஒன்றைச் சாரப்பட்டதினின்றும் அகற்றுதல் நீக்குதல். மலம் உயிர்க்குக் குணமாயின், குணங் கெடக் குணியாகிய உயிரும் கெடும். வீடு பெறுவார் ஒருவரும் இலராவர். செம்பிற்குக் களிம்புபோல அநாதியே உடனிருப்பினும், மலம் உயிரின் தன்மையன்று. அதனாலன்றோ நீக்கம் கூடுவதாயிற்று. அந்நீக்கமும் மலத்தின் சத்தி மடங்குதலேயன்றி மலம் இல்பொருளாதலன்று. எனவே பாசம் வேறாகலின் நீக்கப்படும். சிவம் வேறாயினும் பிரிக்கப்படாது. இவ்விரண்டனையும் ஒருசொல்லாற் கூறின், விடவேண்டுவது எது, விடலாகாதது எது என்பது விளங்காது.

இதனைத் தில்லையை அடுத்த கொற்றவன்குடியில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியர் இனிது விளக்கினார். சங்கற்பநிராகரணத்தைச் சகம் 1235-இல், அஃதாவது கி.பி. 1313-இல் அருளிய அவ்வாசிரியர், சிவப்பிரகாசத்தில் அத்துவிதத்துக்குப் பொன்னும் பணியும், இருளும் வெளியும், சொல்லும் பொருளும் உவமையாகாவென விலக்கி, உடலுயிர் முதலியவற்றைக் கொண்டார். திருவருட்பயனின் இன்புறுநிலையிலோ தாடலை என்னும் சொல்லையே உவமையாக்கினார்.

தாள், தலை என்னும் இரண்டு சொற்கள் புணர, தகரம் டகரமாய்த் திரிந்தபின் ளகரம் கெட்டுத் தாடலை என ஒருசொன் னீர்மைத்தாயிற்று. செவிக்கு அது ஒன்றே. பொருள் காண்பார்க்குத் தாளும் உண்டு, தலையும் உண்டு. தாள் இறைவனது, தலை உயிரினது எனக் கொள்ளின், வீட்டுநிலையில் ஒன்றாய்க் கலந்தும் இரண்டும் கெடாமை விளங்கும். இலக்கணம் பயிலும் மாணாக்கன் பிரித்தெழுதும் ஒருசொல், முத்தியிலக்கணத்துக்குக் கரியாயிற்று.

ஆகவே சாத்திரம் ஓதுவோர், பிரிவு என வருமிடத்து இருபொருளையும், பகுப்பு என வருமிடத்து ஒருபொருளையும், நீக்கம் என வருமிடத்துச் சார்ந்ததனையும் சாரப்பட்டதனையும் நோக்கிப் பொருள் கோடல் வேண்டும். இங்ஙனம் கொள்வார்க்கு ஒன்று, வேறு, உடன் என்னும் மும்மையும் தம்முள் முரணாது நிற்றல் தெளிவாம்.