மேய்ச்சற் புல்லும் எருவும்

சங்கத்தில் கடன் பெற்று மாடு வாங்கிய அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஒரு கணக்கை மனத்தில் வைத்தல் வேண்டும். புல் குறைந்தால் பால் குறையும். பால் குறைந்தால் தவணை நிலுவையாகும். ஆயினும் நாம் எருவையெல்லாம் நஞ்சைக்கும் புஞ்சைக்கும் இட்டுவிட்டு, மேய்ச்சல் தரைக்கு ஒரு கூடையேனும் இடுவதில்லை. பகலில் அங்கே மேய்ந்த மாடு இரவில் தொழுவத்தில் சாணமிடுகிறது. இவ்விதம் ஆண்டுதோறும் தரையின் சத்து வெளியேறுகிறதேயன்றித் திரும்பிப் போவதில்லை.

எருவின் சத்து எதில் உள்ளதென்பதை முதலில் அறிய வேண்டும். மாடு கழிக்கும் தழைச்சத்தில் ஏறக்குறையப் பாதியும், சாம்பற்சத்தில் பெரும்பகுதியும் மூத்திரத்தில் உள்ளன. மணிச்சத்து பெரும்பாலும் சாணத்தில் உள்ளது. சாணத்தை வரட்டியாக எரித்தால் தழைச்சத்து புகையோடு போகும். குப்பையைத் திறந்த வெளியில் போட்டால், வெயிலில் ஒரு பகுதியும் மழைநீரில் ஒரு பகுதியும் வீணாகும். மதுரை, சிவகங்கைப் பக்கங்களில் அறுவடைக்குப்பின் புலிக்குளம் மாடுகளைக் கிடை அமர்த்தும் வழக்கத்தின் நுட்பம் இதனால் விளங்கும். கிடையில் சாணமும் மூத்திரமும் ஒருங்கே நிலத்தில் சேர்கின்றன.

எவ்வுரம் இடினும் பலன் ஒன்றே என்று எண்ணுதல் தவறு. இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் என்னுமிடத்தில் லாஸ், கில்பர்ட் என்னும் இருவர் 1856-ம் ஆண்டில் ஒரு புல்தரையைப் பாத்திகளாகப் பிரித்து, வெவ்வேறு உரமிட்டுப் பரிசோதனை தொடங்கினர். அது இன்றும் நடைபெறுகிறது. உரமிடாத பாத்தியில் விளைவு சொற்பம். ஆயினும் செடிவகைகள் 30-க்கு மேல். சுண்ணாம்பு இடாமல் அம்மோனியம் ஸல்பேட்டை மிகுதியாக இட்டுவந்த பாத்தியில் மண் புளித்து, ஓரிரு புல்வகைகளே மிஞ்சின. மணிச்சத்தும் சாம்பற்சத்தும் மட்டும் இட்ட பாத்தியில் பயறினச் செடிகள் பெருகின.

சுண்ணாம்பு மிகுந்த நமது கரிசல் அவ்வளவு விரைவில் புளிக்காது. எனினும், உரம் மாறினால் தரையின் செடிகளும் மாறும் என்ற பாடம் நமக்கும் உரியதே. மேலும், 1909-ல் கோயம்புத்தூரில் பயிர்நிலத்தில் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனையில், தொழுவுரம் பெற்ற பாத்திகளின் மண்ணில் மக்கு மிகுந்து காணப்பட்டது. மக்கு மிகுந்த மண் ஈரத்தை நெடுநாள் தாங்கும். மழையை நம்பிய தரைக்கு இதனினும் வேண்டுவது யாது?

ஆகவே அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை:

1. தொழுவத்தில் உலர்ந்த மண்ணையோ வைக்கோற் கூளத்தையோ பரப்பி, மூத்திரம் ஊறியபின் எருக்குழியில் சேர்க்க. குழிக்கு நிழல் அமைக்க.

2. நன்கு மக்கிய எருவைப் புரட்டாசியில், பெருமழைக்கு முன், மெல்லியதாகத் தூவுக. பச்சைச் சாணக் குவியலின் அடியிலுள்ள புல் வெளுத்து மடியும். அருகிலுள்ள புல்லையும் மாடு தீண்டாது.

3. கிடை அமர்த்தினால் ஒரே இடத்தில் நெடுநாள் நிறுத்தாது மாற்றுக.

4. மழைக்குப்பின் கொழுக்கட்டைப் புல்லும் நரிப்பயறும் விதை உதிர்க்கும் வரையில் மேய்ச்சலை நிறுத்துக.

இதை நம்பாதவர் தம் தரையில் மூன்று சென்ட் நிலத்தை அடைத்து, ஒரு சென்ட்டில் எருவின்றியும், ஒரு சென்ட்டில் மக்கிய எருவிட்டும், ஒரு சென்ட்டில் கிடை அமர்த்தியும், தை மாதத்தில் புல்லை அறுத்து நிறுத்துப் பார்ப்பாராக. தராசு காட்டும் கணக்கைச் சங்கக் கூட்டத்தில் எடுத்துரைத்தால், அதுவே ஏனைய அங்கத்தினர்க்குச் சிறந்த பாடமாகும்.