மீட்டர் மாட்டுங்கள், கணக்கு தானாக வரும்

கேள்வி: எங்கள் சாயப்பட்டறையின் கார்பன் கணக்கையும் தண்ணீர்க் கணக்கையும் வெளிநாட்டு பையர்கள் கேட்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
(வாசகர், திருப்பூர்)

பதில்: கரண்ட் பில்லையும் டீசல் ரசீதையும் எடுங்கள். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. மின்வாரியத்தின் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. பெருக்கிக் கூட்டினால் முதல் கணக்கு தயார்.

தண்ணீர்தான் சிக்கல். சாயக் கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாடு உங்களுக்கே தெரியும். 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரிப்பது கண்டிப்பானது. ஆனால் ஆர்.ஓ. வடிகட்டி ஒதுக்கிய உப்புநீரை எவாப்பரேட்டரில் வற்றவைக்க ஏராளமான நீராவி வேண்டும். கழிவுநீர் கூடினால் கார்பனும் கூடும். ஆகவே இரண்டையும் ஒரே நோட்டில் எழுதுங்கள்: ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், நீராவிக்கு எவ்வளவு விறகு.

இதற்கு மிஷினுக்கு மிஷின் தனித் தண்ணீர் மீட்டர் வேண்டும். மொத்த மீட்டர் மட்டும் இருந்தால், எந்த வால்வு ஒழுகுகிறது என்பது மாதக் கடைசியிலும் தெரியாது. பாய்லர் பக்கம் போனால், நீராவியைத் தடுத்து வடிநீரை மட்டும் விடும் ஸ்டீம் டிராப்பைப் பாருங்கள். ஓயாமல் சீறிக்கொண்டிருந்தால் விறகுக் காசு காற்றில் போகிறது. நீராவி குளிர்ந்து வடியும் சுடுநீரைப் பாய்லருக்கே திருப்பி விடுங்கள். குறைந்த தண்ணீரில் சாயமேற்றும் புது மிஷினுக்குப் பெரிய முதல் வேண்டும். அதைப் பிறகு யோசிக்கலாம்.