ஏசியில் கேஸ் தீர்வதில்லை

“வருடத்துக்கு ஒருமுறை கேஸ் போட வேண்டும்” என்பது ஸ்பிளிட் ஏசி பற்றி வீடுகளில் மிக ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை. ஏசிக்குள் இருக்கும் கேஸ் எரிபொருள் அல்ல. கம்ப்ரஸர், அவுட்டோர் காயில், காப்பர் பைப், இண்டோர் காயில் என்று ஒரு மூடிய வளையத்துக்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. அறைக்குள் ஆவியாகும்போது வெப்பத்தை வாங்குகிறது. வெளியே திரவமாகும்போது அந்த வெப்பத்தைக் கொட்டுகிறது. ஸ்கூட்டரில் பெட்ரோல் தீர்வதுபோல அது தீர்வதற்கு வழியே இல்லை. ஃபிரிட்ஜிலும் இதே வேலைதான் நடக்கிறது. பதினைந்து வருடம் ஓடும் ஃபிரிட்ஜுக்கு யாரும் கோடைதோறும் கேஸ் போடுவதில்லை.

இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஃபிரிட்ஜின் மூட்டுகள் எல்லாம் தொழிற்சாலையிலேயே பற்றவைக்கப்பட்டு வருகின்றன. ஸ்பிளிட் ஏசியிலோ இண்டோர் பக்கம் இரண்டு, அவுட்டோர் பக்கம் இரண்டு என நான்கு மூட்டுகளை வீட்டில்தான் போட்டாக வேண்டும். கேஸ் குறைந்திருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியவை அந்த மூட்டுகளின் நான்கு நட்டுகள். கடற்காற்று படும் பெசன்ட் நகர், திருவொற்றியூர் போன்ற இடங்களில் காயிலே அரித்துக் கசிவதும் உண்டு. எங்கே கசிந்தாலும் அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். கூலிங் குறைந்தாலே கேஸ் போய்விட்டது என்று முடிவு கட்டுவதும் சரியல்ல. தூசி அடைத்த ஃபில்டரும் அழுக்கேறிய அவுட்டோர் காயிலும் அதே விளைவைத் தரும். அவற்றுக்குத் தண்ணீரும் பிரஷும் போதும்.

“நட்டை முழு பலத்தோடு இறுக்கினால் கசியாது” என்பது வேலை செய்பவர்களிடையே உள்ள நம்பிக்கை. காப்பர் பைப்பின் முனையை ஊமத்தம்பூவின் வாய்போல விரித்து, அந்த விரிந்த ஓரத்தைப் பித்தளை முகத்தின்மேல் நட்டு அழுத்திப் பிடிப்பதே ஃபிளேர் மூட்டு. கேஸை அடைப்பது செம்பும் பித்தளையும் உரசி நிற்கும் அந்த மெல்லிய வளையம். மரைகளுக்கு அதில் பங்கில்லை. அதனால் மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவதால் எந்தப் பயனும் இல்லை. கால் அங்குல பைப்புக்கு ஏறக்குறைய 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், அரை அங்குல பைப்புக்கு 50 முதல் 60 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதுமானது. இதை அளந்து இறுக்கத்தான் டார்க் ஸ்பானர் இருக்கிறது. அதற்கு மேல் போனால் செம்பு நசுங்கி மெலிந்து மயிரிழை விரிசல் விடும். மாட்டிய அன்று அது தெரியாது. கம்ப்ரஸரின் அதிர்வில் மாதங்கள் கழித்தே கசியத் தொடங்கும். பைப்பை வெட்டியபின் உள்விளிம்பில் நிற்கும் பிசிரை நீக்குவதும் முக்கியம். அப்போது பைப்பின் வாய் தரையைப் பார்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் செம்புத் தூள் உள்ளே விழுந்து கம்ப்ரஸர்வரை போய்விடும்.

இண்டோரையும் அவுட்டோரையும் இணைக்கும் இரண்டு பைப்புகளில் தடித்ததற்கு மட்டும் ஃபோம் சுற்றினால் போதும் என்பதும் தவறு. இன்றைய இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசிகளில் கேஸின் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு பெரும்பாலும் அவுட்டோர் யூனிட்டுக்குள்ளேயே இருப்பதால், மெல்லிய பைப்பும் குளிர்ந்துதான் இருக்கும். இரண்டுக்கும் தனித்தனியாக ஃபோம் வேண்டும். இல்லாவிட்டால் பைப் வியர்த்துச் சுவரில் நீர் இறங்கும்.

மூட்டுகள் போட்டதும் அழுத்தச் சோதனை. இதற்கு உலர்ந்த நைட்ரஜனை மட்டுமே பயன்படுத்த வேண்டும். கையேடு சொல்லும் அழுத்தம்வரை நைட்ரஜன் ஏற்றி, ஒவ்வொரு நட்டிலும் சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். கசிவு சிறிதாக இருந்தால் குமிழி உடனே எழாது. கடுகளவு நுரை ஒரே இடத்தில் மெல்ல ஊறிக்கொண்டே வரும். அதற்காக ஒவ்வொரு நட்டின் அருகிலும் சில நிமிடம் பொறுமையாக நிற்க வேண்டும். நைட்ரஜன் கிடைக்கவில்லை என்று வெல்டிங் ஆக்சிஜனை ஏற்றக் கூடாது. அழுத்தப்பட்ட ஆக்சிஜனும் கம்ப்ரஸர் ஆயிலும் சேர்ந்தால் வெடிக்கும்.

அடுத்து வேக்குவம், அதாவது பைப்புக்குள் தங்கிய காற்றையும் ஈரத்தையும் பம்பால் வெளியேற்றுவது. “வால்வைக் கொஞ்சம் திறந்து கேஸை விட்டால் காற்று வெளியே போய்விடும், பம்ப் எதற்கு” என்பது ஆர்-22 என்ற பழைய கேஸின் காலத்துப் பழக்கம். அன்றும் அது சரியான முறையல்ல. இன்றைய ஆர்-32, ஆர்-410ஏ ஏசிகளில் பெரும்பாலும் ஊற்றப்படும் பாலியோல் எஸ்டர் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. அந்த ஈரம் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி, மோட்டார் சுருளின் காப்பை அரிக்கும். உள்ளே தங்கும் காற்றோ திரவமாகாது. அவுட்டோர் காயிலில் இடத்தை அடைத்துக்கொண்டு அழுத்தத்தையும் கரண்ட் செலவையும் ஏற்றும். தொழிற்சாலையில் எடை பார்த்து நிரப்பிய கேஸில் ஒரு பங்கும் காற்றோடு வெளியேறிவிடும். ஆர்-32, நூறு ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 675 மடங்கு புவியைச் சூடாக்கக்கூடியது என்பதையும் மறக்கக் கூடாது.

வேக்குவம் பம்ப் காற்றை உறிஞ்சுவதோடு நிற்பதில்லை; ஈரத்தைக் கொதிக்கவைத்து வெளியேற்றவும் செய்கிறது. வெளியே உள்ள காற்றின் அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். அது ஏறத்தாழ 32 மில்லிமீட்டருக்கு இறங்கினால், 30 டிகிரி வெப்பத்திலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகும். உள்ளே உண்மையாகவே உலர்ந்துவிட்டது என்று சொல்ல 500 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர்வரை இறக்க வேண்டும். சாதாரண கேஜில் 30 மில்லிமீட்டருக்கும் அரை மில்லிமீட்டருக்கும் முள் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் நிற்கும். அதனால் மைக்ரான் கேஜ் தேவை. பம்பை அடைத்துவிட்டுப் பத்து நிமிடம் பார்த்தால் உள்நிலை தெரியும். அளவு சற்று ஏறி ஓரிடத்தில் நின்றால் இன்னும் ஈரம் இருக்கிறது. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது.

இவற்றுக்கெல்லாம் மேலாக வீட்டுக்காரர்களுக்கு அதிகச் செலவு வைக்கும் நம்பிக்கை, “கேஜில் முள் இங்கே வந்தால் கேஸ் சரி” என்பது. சமையல் கேஸ் சிலிண்டரை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். திரவம் மிச்சம் இருக்கும்வரை அதன் அழுத்தம் பெரிதாக மாறுவதில்லை, அதனால்தான் 14.2 கிலோ இருக்கிறதா என்று தராசில் வைத்துப் பார்க்கிறோம். ஏசியும் அப்படியே. நிறுத்திவைத்த ஆர்-32 ஏசியில், 35 டிகிரி வெயிலில், கேஜ் ஏறத்தாழ 300 பி.எஸ்.ஐ. காட்டும். உள்ளே 800 கிராம் இருந்தாலும் அதையே காட்டும், 500 கிராம் இருந்தாலும் அதையே காட்டும். ஓடும்போது கிடைக்கும் அழுத்தமோ வெளிவெப்பம், அறைவெப்பம், கம்ப்ரஸரின் வேகம் மூன்றையும் பொறுத்து மாறும். இன்வெர்ட்டர் ஏசியில் அந்த வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. ஆகவே கேஜை மட்டும் நம்பிக் கேஸ் ஏற்றுவது குருட்டு வேலை.

அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டிய தகட்டில் கேஸின் பெயரும் எடையும் கிராம் கணக்கில் அச்சிடப்பட்டிருக்கும். கேஸ் குறைந்த ஏசியில் மிச்சத்தை மீட்பு சிலிண்டரில் எடுத்து, கசிவை அடைத்து, வேக்குவம் போட்டு, சிலிண்டரைத் தராசில் வைத்து அந்த எடையை ஏற்றுவதே முறை. பைப் கையேடு சொல்லும் நீளத்தைத் தாண்டினால் மட்டும் கூடுதல் கேஸ் வேண்டும். மெல்லிய பைப் கால் அங்குலமாக உள்ள பல மாடல்களில் அது மீட்டருக்கு 20 கிராம் அளவில் இருக்கும். “கூட இருந்தால் நல்லதுதானே” என்பதற்கும் இடமில்லை. மிகுந்த கேஸ் அவுட்டோர் காயிலில் திரவமாகத் தேங்கிக் கரண்ட் பில்லை ஏற்றும். கம்ப்ரஸருக்குள் திரவமாகப் புகுந்தால் வால்வுகளை உடைக்கும்.

இண்டோர் காயிலில் பனி படிவது கேஸ் தாராளமாக இருப்பதன் அடையாளம் அல்ல. பெரும்பாலும் கேஸ் குறைவு அல்லது ஃபில்டர் அடைப்புதான் காரணம்.

“எந்த கேஸ் போட்டாலும் குளிரும்” என்ற பேச்சு ஆபத்தானது. ஆர்-32 ஓடும் அழுத்தம் ஆர்-22-ஐவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆர்-410ஏ, எடையில் பாதி ஆர்-32-உம் பாதி ஆர்-125-உம் சேர்ந்த கலவை. அதைச் சிலிண்டரிலிருந்து திரவமாகவே எடுக்க வேண்டும். ஆர்-290 என்பது புரொப்பேன். அதற்கென்று வடிவமைக்காத ஏசியில் அதை ஏற்றுவது படுக்கையறைக்குள் நெருப்பை வரவேற்பது. தகட்டில் உள்ள பெயர் தவிர வேறெந்த கேஸும் அந்த ஏசிக்கு ஆகாது.

வீடு மாறும்போது ஏசியைக் கழற்றுவது யாரும் செய்யக்கூடிய சின்ன வேலை என்று நினைப்பதும் தவறு. கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பைப்பைக் கழற்றினால் அது காற்றை உள்ளிழுக்கும். காற்றும் ஆயிலும் சேர்ந்து அழுந்திச் சூடேற, டீசல் என்ஜினில் போல உள்ளேயே தீப்பற்றிக் கம்ப்ரஸர் வெடித்துவிடலாம். முதலில் ஏசி ஓடும்போதே மெல்லிய பைப்பின் வால்வை மூடிக் கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுக்க வேண்டும். கேஜ் முள் பூஜ்யத்தை நெருங்கியதும் தடித்த பைப்பின் வால்வை மூடி, உடனே ஏசியை நிறுத்தி, மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். அதன் பிறகுதான் நட்டில் ஸ்பானர் பட வேண்டும்.