முதுகுக்கு ஒரு கண்

துவிச்சக்கரவண்டியில் செல்பவருக்கு முதுகில் கண் இல்லை. எதிர்காற்று வீசினால் பின்னால் வரும் லொறியின் ஓசையும் சரியாகக் கேட்பதில்லை. சுமையோடு திரும்பிப் பார்த்தாலோ வண்டி ஒருபக்கம் இழுத்துவிடும். இந்தக் குறைக்காக வந்ததே ராடர் பின்விளக்கு. தென்னாபிரிக்காவின் ஐகூபு நிறுவனம் 2014இல் இதனை அறிமுகஞ் செய்தது. 2015இல் கார்மின் நிறுவனம் ஐகூபுவை வாங்கியது.

எப்படி இயங்குகிறது?

ஆசனத்தின் கீழ் பூட்டப்படும் இவ்விளக்கு, பின்னோக்கி வானொலி அலைகளை அனுப்புகிறது. நெருங்கிவரும் வாகனத்தில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் சற்றுக் கூடும். அதைக்கொண்டு வாகனம் வருவதைக் கருவி அறிகிறது. கைபிடியிலுள்ள சிறு திரையில் ஒலியுடன் காட்டுகிறது. கார்மின் விளக்குகள் பல 140 மீற்றர் வரை உணரக்கூடியவை. நம்மைவிட மணிக்கு 50 கிலோமீற்றர் கூடிய வேகத்தில் வரும் வாகனம் அத்தூரத்தைக் கடக்க 10 செக்கன் எடுக்கும். ஓரத்துக்கு ஒதுங்க அது போதும்.

எதைச் செய்யாது?

நம் வேகத்திலேயே பின்தொடரும் வாகனத்தை அது காட்டாமல் விடலாம். சாரதியைத் தடுத்து நிறுத்தவும் மாட்டாது. ஒலி கேட்கவில்லையென்று பாராமல் திரும்பலாகாது.

நமக்குரிய பாடம்

விலை பெரிது, பாடம் எளிது. பின்னால் வருபவரை நாம் காணவேண்டும். அவரும் நம்மைக் காணவேண்டும். முதலாவதற்குக் கைபிடியில் ஒரு சிறு கண்ணாடி உதவும். இரண்டாவதற்குச் சிவப்பு விளக்கும், வெளிச்சம் பட்டால் ஒளிரும் சிவப்பு வில்லையும் வேண்டும். கரியரில் கட்டும் விறகோ மூட்டையோ அவற்றை மறைக்கக்கூடாது.

செய்து பாருங்கள்

இன்றிரவு உங்கள் வண்டியைச் சுமையோடு நிறுத்தி, ஐம்பது அடி பின்னால் நின்று ரோச் அடியுங்கள். என்ன தெரிகிறது? சாரதிக்கும் அவ்வளவே தெரியும்.