உள்ளே எவ்வளவு மரம் மிச்சம்?

பத்தாம் வகுப்பு அளவியல் பாடத்தில் உள்ளீடற்ற உருளை வரும் இடத்தில் நம் மாணவர்கள் சூத்திரத்துக்காகத் தடுமாறுவதில்லை. வெளி ஆரத்தின் வர்க்கத்திலிருந்து உள் ஆரத்தின் வர்க்கத்தைக் கழித்து, பையாலும் உயரத்தாலும் பெருக்கினால் விடை வந்துவிடும். ஆனால் விட்டங்களைக் கொடுத்துச் சுவரின் தடிமனைக் கேட்டுப் பாருங்கள். வெளி விட்டம் 10 செ.மீ., உள் விட்டம் 9 செ.மீ. என்றால், தடிமன் 1 செ.மீ. என்று பலர் எழுதுவார்கள். அரை செ.மீ. என்று நாம் திருத்தினால் தலையாட்டுவார்கள். அடுத்த தேர்வில் மறுபடியும் 1 செ.மீ. வரும். அந்தச் சுவரை அவர்கள் கையால் தொட்டு அறியவில்லை என்பதே காரணம் என்று நினைக்கிறேன்.

அந்தச் சுவரோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுபவர் கடைசல்காரர். கட்டில் கால், தொட்டில் கம்பு, சப்பாத்திக் கட்டை, பம்பரம் என்று அவர் கடைவதில் பெரும்பாலானவை உள்ளே திடமானவை. கிண்ணம், குங்குமச் சிமிழ், குழந்தைகள் விளையாடும் சொப்புக் குடம் ஆகியவை வேறு இனம். இவற்றில் வெளி உருவம் பாதி வேலைதான். மீதிப் பாதி, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத உட்புறத்தைக் குடைந்தெடுப்பது. இந்த வேலையை ஒருவர் எப்படிக் கற்றுக்கொள்கிறார் என்று பார்த்தால், கணக்குக்கும் அறிவியலுக்கும் நிறையப் பாடம் கிடைக்கிறது.

திருவண்ணாமலையில் ரமணாசிரமம் பகுதியைச் சேர்ந்த பிள்ளைகள் கிரிவலப் பாதைக் கடைகளைக் கடந்துதான் பள்ளிக்கு வருகிறார்கள். அங்கே வண்ணச் சொப்புச் சாமான்களைத் தினமும் பார்க்கிறார்கள். இத்தகைய மரச் சொப்புகளுக்குத் தமிழ்நாட்டில் பேர்போன ஊர் தாமிரபரணிக் கரையில் உள்ள அம்பாசமுத்திரம். கர்நாடகத்தில் பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையிலுள்ள சென்னபட்டணமும், ஆந்திரத்தில் எட்டிகொப்பாகாவும் இதே கடைசல், அரக்கு வேலைக்குப் பெயர் பெற்றவை. பின்னிரண்டு ஊர்களிலும் மரபாகப் பயன்படும் மரம் நம் பக்கத்துக் காடுகளுக்குப் புதிதல்ல, அது வெட்பாலை. கிளையை ஒடித்தால் பால் வடியும் அதே மரம், சித்த மருத்துவத்தில் தைலம் காய்ச்சப் பயன்படுவது. அதன் கட்டை வெளுத்து, நெருக்கமான நாருடன் இருப்பதால் உளிக்கு இணங்கும்.

கடைதல் என்ற வினை

வகுப்பில் இதைத் தமிழ் ஆசிரியரே தொடங்கிவைக்கலாம். தயிரைக் கடைகிறோம், கீரையைக் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். கட்டையைக் கட்டையோடு சுழற்றித் தீ உண்டாக்கும் கருவிக்குத் தீக்கடைகோல் என்று பெயர். ஏன் எல்லாவற்றுக்கும் ஒரே வினைச்சொல் என்று கேளுங்கள்.

மின்சார லேத் மட்டும் பார்த்த பிள்ளைக்கு விடை கிடைக்காது. பழைய கடைசல் பட்டறையில் மரத்தின் மீது கயிற்றைச் சுற்றி, உதவியாள் ஒருவர் இரு முனைகளையும் மாறி மாறி இழுப்பார். மரம் ஒருமுறை முன்னே சுழலும், ஒருமுறை பின்னே சுழலும். பெரிய மத்தில் கயிறு கட்டித் தயிர் கடைவதும் இதே அசைவுதான். மரம் உளியை நோக்கிச் சுழலும்போது மட்டுமே உளி வெட்டும். திரும்பிச் சுழலும்போது கைவினைஞர் உளியைச் சற்று விலக்கிக்கொள்வார். எகிப்தில் கிறித்துவுக்கு முன் சுமார் 300-ஐச் சேர்ந்த கல்லறைச் சிற்பம் ஒன்றிலும் இப்படிக் கயிறிழுத்துக் கடையும் இருவர் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். ஒரு மத்தும் கயிறும் வகுப்புக்கு வந்தால் போதும், இடைவிட்ட சுழற்சி, தொடர் சுழற்சி இரண்டையும் விளக்கிவிடலாம்.

கற்கும் வரிசை

புதிதாகச் சேர்பவருக்கு யாரும் முதல் நாளே கிண்ணம் கொடுப்பதில்லை. முதலில் உளி தீட்டக் கற்க வேண்டும். பிறகு, சதுரக் கட்டையை உருளையாக்குவது. பிறகு அதில் பள்ளமும் மேடும் எடுப்பது. இதுவரை மரம் லேத்தின் இரு முனைகளுக்கு நடுவே இறுகப் பிடிபட்டிருக்கும். குடையத் தொடங்கும்போது ஒரு முனையை விலக்கியாக வேண்டும், இல்லையேல் உளி உள்ளே போக வழியில்லை. அதன்பின் மரம் ஒரு பக்கப் பிடியில் மட்டும் நின்று சுழலும். முதலில் ஆழமில்லாத தட்டு, பிறகு கிண்ணம், கடைசியில்தான் வாய் குறுகி வயிறு பெருத்த குடம்.

வாய் குறுகிய பாத்திரம் ஏன் கடைசி? இதற்கு நெம்புகோல் பாடம் பதில் சொல்லும். உளி ஒரு தாங்கியின் மேல் அமர்ந்திருக்கிறது, தாங்கிதான் ஆதாரப்புள்ளி. கைப்பிடி தாங்கியிலிருந்து 40 செ.மீ. தள்ளியும், உளி முனை தாங்கியைத் தாண்டி 5 செ.மீ. நீண்டும் இருந்தால், மரம் முனையை அழுத்தும் விசையில் எட்டில் ஒரு பங்கைக் கை தாங்கினால் போதும். அதே கைப்பிடியுடன் முனை 15 செ.மீ. உள்ளே நீண்டால் எட்டில் மூன்று பங்கைத் தாங்க வேண்டும். அதாவது மூன்று மடங்கு. ஆழமாகக் குடையும் உளிகளுக்குக் கைப்பிடி நீளமாக இருப்பதற்கு இதுதான் காரணம். கத்தரிக்கோலையும் பாக்குவெட்டியையும் மட்டுமே காட்டி நெம்புகோலை முடித்துவிடுகிற நமக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மண்பாண்டத்தோடு ஒப்பிட்டால் இன்னொன்று புலப்படும். குயவர் சக்கரத்தில் சுவர் கோணினால் மண்ணைப் பிசைந்து மறுபடி ஏற்றலாம். கடைசலில் எடுத்தது எடுத்ததுதான். அதனால் அளந்து பார்ப்பது வேலையின் நடுவிலேயே பலமுறை நடக்கிறது. ஆழத்துக்குக் குறியிட்ட குச்சி, தடிமனுக்குக் கவைபோன்ற காலிப்பர், இரண்டுக்கும் மேலாக விரலும் காதும். வகுப்பு ஒன்றில் கடைசல்காரர் ஒருவர் செய்து காட்டியபோது ஒரு மாணவி கேட்டாள்: "உள்ள எவ்ளோ மரம் இருக்குன்னு எப்படிண்ணா தெரியும்?" அவர் லேத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "சத்தம் மாறும் பாப்பா. கனமா இருந்தா ஒரு சத்தம், மெலிஞ்சா வேற சத்தம். அது காதுல ஏற எனக்கே ரொம்ப நாளாச்சு." ஒலியியல் பாடத்துக்கு இதைவிட நல்ல முன்னுரை எனக்குத் தெரியவில்லை.

அளவுகள்

10 செ.மீ. விட்டம், 8 செ.மீ. உயரம் கொண்ட உருளைக் கட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பையின் மதிப்பை 22/7 என வைத்தால் அதன் கனஅளவு சுமார் 628.6 கன செ.மீ. அடிப்பாகம் 1 செ.மீ. தடிமனும் சுவர் 5 மி.மீ. தடிமனும் இருக்கும்படி குடைகிறோம். குடைந்த பகுதியின் ஆரம் 4.5 செ.மீ., ஆழம் 7 செ.மீ.; கனஅளவு 445.5 கன செ.மீ. மிஞ்சிய மரம் சுமார் 183 கன செ.மீ. மட்டுமே. நூற்றில் ஏறக்குறைய 71 பங்கு சுருள் சுருளாகத் தரையில் கிடக்கிறது. இந்த எண்ணைச் சொன்னதும் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். அவர்களையே கணக்கிடச் சொல்லுங்கள்.

இப்போது விட்டமும் ஆரமும். உளி 1 மி.மீ. உள்ளே போனால் வெளி விட்டம் 2 மி.மீ. குறைகிறது, ஏனென்றால் மரம் சுழல்கிறது. ஒரு பக்கம் வெட்டியது எல்லாப் பக்கமும் வெட்டியதாகிறது. உட்புறம் 1 மி.மீ. வெட்டினால் உள் விட்டம் 2 மி.மீ. கூடுகிறது, சுவர் 1 மி.மீ. மெலிகிறது. முதல் பத்தியில் சொன்ன பிழையைச் செய்கிறவர் பட்டறையில் என்ன ஆவார்? 10 செ.மீ. வெளி விட்டத்துக்கு 1 செ.மீ. சுவர் வேண்டுமென்று உள் விட்டத்தை 9 செ.மீ. ஆக்கிவிடுவார். கையில் வருவது பாதிச் சுவர்.

வேகமும் இங்கே உண்டு. நிமிடத்துக்கு 600 சுற்று சுழலும் 10 செ.மீ. கட்டையின் விளிம்பு நொடிக்கு சுமார் 3.14 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதே சுற்றில் 30 செ.மீ. தட்டின் விளிம்பு மூன்று மடங்கு, 9.4 மீட்டர் ஓடும். ஆகவே பெரிய மரத்தை மெதுவாகச் சுழற்ற வேண்டும். நடுமையத்திலோ வேகம் சுழி. கற்றுக்குட்டி கடைந்த கிண்ணத்தின் அடியில் நடுவே சிறு குமிழ் ஒன்று நிற்பது இதனால்தான்.

மரம் சும்மா இருப்பதில்லை

பச்சை மரத்தைக் கச்சிதமான வட்டமாகக் கடைந்து வைத்தாலும், சில நாளில் அது முட்டை வடிவமாகிவிடும். மரம் காயும்போது நீளவாக்கில் கிட்டத்தட்டச் சுருங்காது. குறுக்கே சுருங்கும், அதிலும் ஆண்டு வளையங்களை ஒட்டிய போக்கில், மையத்திலிருந்து வெளிநோக்கிய போக்கைவிட ஏறக்குறைய இரு மடங்கு சுருங்கும். எனவே முதலில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமன் விட்டுக் கரடாகக் குடைந்து, நிழலில் மாதக்கணக்கில் காயவைத்து, கோணிய பிறகு மறுபடி லேத்தில் ஏற்றி இறுதி வடிவம் தருவார்கள். நெஞ்சுக்கட்டை, அதாவது தண்டின் நடு மையம், சுவரில் வந்தால் வெடிக்கும், அதைத் தவிர்ப்பார்கள். தாவரவியல் படத்தில் பாகங்களைக் குறிக்கச் சொல்வதோடு நிற்காமல், வெட்டிய கிளைத்துண்டு ஒன்றை வகுப்பு சன்னலில் வைத்து வாரம் ஒருமுறை இரு திசையிலும் அளக்கச் சொல்லலாம். செலவில்லாத சோதனை.

வண்ணம் ஏற்றுவது சின்ன வேலை, ஆனால் பார்க்கப் பார்க்கச் சலிக்காது. அரக்கு என்பது புரசு, இலந்தை போன்ற மரக்கிளைகளில் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின். அதில் நிறம் கலந்து குச்சியாக்கி, சுழலும் மரத்தில் அழுத்துகிறார்கள். தனி அடுப்பு எதுவும் இல்லை. உராய்வின் வெப்பத்திலேயே அரக்கு உருகிப் படிகிறது. பிறகு தாழை ஓலையை வைத்து அழுத்தினால் மெருகு வரும். குழந்தை வாயில் வைக்கும் பொருள் என்பதால் நிறம் எதிலிருந்து வருகிறது என்பது முக்கியம். எட்டிகொப்பாகாவில் தாவரச் சாயங்களை மீட்டெடுத்த சி.வி. ராஜுவுக்கு 2023-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

யாருக்காக இந்தப் பாடம்?

கைத்தொழிலைப் பள்ளிக்குள் கொண்டுவருவது பற்றித் தமிழ்நாட்டு ஆசிரியர் பேசும்போது 1953-ஐ மறக்க முடியாது. பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்ற அந்த ஆண்டின் தொடக்கக் கல்வித் திட்டம், குலக்கல்வி என்று கடுமையாக எதிர்க்கப்பட்டு, காமராசர் முதலமைச்சரான 1954-இல் கைவிடப்பட்டது. எதிர்ப்பு உளிக்கும் இழைப்புளிக்கும் எதிரானதல்ல. தச்சர் பிள்ளை தச்சராகவே இருக்கட்டும் என்ற ஏற்பாட்டுக்கு எதிரானது. எனவே கடைசல்காரரை வகுப்புக்கு அழைக்கும்போது இரண்டு விஷயங்களில் நாம் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒன்று, அவர் எல்லாப் பிள்ளைகளுக்கும் கற்றுத்தர வருகிறார். "இந்த வேலை உனக்குத்தான் சரி" என்று எந்தப் பிள்ளையையும் பார்த்து யாரும் சொல்லக் கூடாது. இரண்டு, பெண் பிள்ளைகள் முன்வரிசையில் இருக்க வேண்டும். அவரை நாற்காலி போட்டு உட்காரவைத்து, "ஐயா" என்று அழைத்து, அவர் பெயரைக் கரும்பலகையில் எழுதுங்கள். ஆசிரியருக்குத் தெரியாத ஒன்றை அவர் அறிவார் என்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும்.

லேத்தைப் பிள்ளைகள் இயக்கக் கூடாது. பார்ப்பவர்களும் சுழலும் மரத்துக்கு நேர் எதிரே நிற்கக் கூடாது. மரம் பிய்த்துக்கொண்டு வந்தால் அந்தத் திசையில்தான் பறக்கும். துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல், தொங்கும் அடையாள அட்டைக் கயிறு எல்லாம் ஆபத்து. செய்து காட்டுபவருக்கு முகக் கவசம் வேண்டும்.

லேத் இல்லாத வகுப்பில்

கொட்டாங்குச்சி எல்லா வீட்டிலும் இருக்கிறது. ரமணர் தேங்காய் ஓடுகளைத் தேய்த்து மெருகேற்றிக் கிண்ணமாக்கியதையும், கிளைகளைச் சீவிக் கைத்தடி செய்ததையும் அவருடன் வாழ்ந்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்; எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு இது தெரிந்த கதை. பாதி ஓட்டை அரைக்கோளமாகக் கொண்டு உள் ஆரத்தை அளந்து கொள்ளளவைக் கணக்கிடச் சொல்லுங்கள். உள் ஆரம் 5 செ.மீ. என்றால் சுமார் 262 மி.லி. வர வேண்டும். பிறகு தண்ணீர் ஊற்றி அளக்கட்டும். வித்தியாசம் வரும். ஓடு சரியான அரைக்கோளமல்ல என்பதை அவர்களே சொல்வார்கள். தொடக்க வகுப்புகளில் கணக்கை விட்டுவிட்டு, எந்த ஓட்டில் அதிகம் பிடிக்கும் என்று ஊகித்து ஊற்றிப் பார்த்தால் போதும்.

அடுத்தது உருளைக்கிழங்கு. ஒவ்வொருவரிடமும் மேல்பகுதி வெட்டிய பெரிய கிழங்கும் ஒரு கரண்டியும் கொடுங்கள். சுவர் எங்கும் 5 மி.மீ. இருக்கும்படி குடைய வேண்டும். இடையில் வெட்டிப் பார்க்கக் கூடாது, விரலால் தடவிப் பார்க்கலாம். முடித்ததும் தடிமனை ஊகித்து எழுதிவிட்டு, நெடுக்காக இரண்டாக வெட்டி, வாயருகில், நடுவில், சுவரும் அடியும் சேரும் மூலையில் என மூன்று இடங்களில் அளவுகோலால் அளக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பினர் வெர்னியர் அளவியையே பயன்படுத்தலாம். வாயருகில் அளவு ஓரளவு சரியாக இருக்கும். மூலையில் பெரும்பாலும் இரண்டு, மூன்று மடங்கு தடித்திருக்கும்; புதிதாகக் கடையக் கற்பவரின் கிண்ணமும் அப்படித்தான் இருக்கும். ஊகித்த எண்ணையும் அளந்த எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி, வேறுபாட்டை மூன்றாவது கட்டத்தில் குறிக்கச் சொல்லுங்கள். வெட்டிய கிழங்கைச் சத்துணவுக் கூடத்துக்குக் கொடுத்துவிடலாம், கைகளையும் கரண்டிகளையும் முதலிலேயே கழுவியிருந்தால்.