சாப்பாடு சேரவில்லையா? இஞ்சியை இப்படிப் பயன்படுத்துங்கள்

1. இஞ்சியைத் தோல் சீவி நசுக்கிச் சாறு பிழிந்ததும் குடித்துவிடாதீர்கள். கால் மணி நேரம் அசைக்காமல் வைத்தால் அடியில் வெள்ளை மாவு படியும். மேலே நிற்கும் தெளிவை மட்டும் இறுத்து, ஒரு டீஸ்பூன் அளவுக்கு வெந்நீரில் கலந்து குடியுங்கள். இரைப்பையில் தங்கிய உணவை இஞ்சி சீக்கிரம் கீழே தள்ளும், மந்தம் குறையும். தேன் கலந்தால் சிலருக்கு உப்புசம் கூடும். அவர்களுக்குப் பனங்கற்கண்டு நல்லது.

2. பால் குடித்தாலே வயிறு பொருமுகிறதா? பாலின் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி உங்களுக்குக் குறைவாக இருக்கலாம். அந்த நொதியின் வேலையை இஞ்சி செய்யாது. பாலைக் குறைத்துவிட்டு, நன்றாகப் புளித்த மோரில் இஞ்சி தட்டிப் போட்டுக் கொஞ்சமாகக் குடித்துப் பாருங்கள். புளிக்கும்போதே அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதி சிதைந்துவிடும்.

3. இஞ்சி டீ திரிகிறதா? பச்சை இஞ்சியில் பாலைத் திரியவைக்கும் நொதி இருக்கிறது. இஞ்சியைத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு, பிறகு பால் ஊற்றுங்கள்.

4. குருமா சாப்பிட்டால் வயிறு ஊதுகிறது என்பவர்கள் பெரும்பாலும் மசாலாவைக் குறை சொல்வார்கள். இஞ்சி பூண்டு விழுதில் இருக்கும் பூண்டும், வதக்கிய வெங்காயமும்தான் பலருக்கு ஆகாதவை. இரண்டு வாரம் அவற்றை விட்டு, இஞ்சியை மட்டும் அரைத்துச் சமையுங்கள். பூண்டுக்குப் பதில் பெருங்காயம் போடுவதானால், கோதுமை ஆகாதவர்கள் அதன் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். பல வகைகளில் கோதுமை மாவு கலந்திருக்கும்.

5. இஞ்சி காயும்போது அதன் காரப்பொருளான ஜிஞ்சரால், ஷோகாலாக மாறுகிறது. சுக்கின் காரம் தூக்கலாக இருப்பது அதனால்தான். இவை இரண்டும் அழற்சியைத் தூண்டும் பொருள்களைக் குறைப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு வலி ஓரளவு குறைந்ததும் உண்டு, ஆனால் ஓரளவுதான். சுக்கு மல்லிக் காபி குடியுங்கள்; அதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

6. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள், பித்தப்பைக் கல் உள்ளவர்கள், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இஞ்சிச் சாறு, சுக்குப் பொடி எடுக்க வேண்டாம். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் தவிருங்கள்.

7. ஒவ்வாமை வேறு, செரிக்காமை வேறு. வேர்க்கடலையோ இறாலோ சாப்பிட்டதும் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இரைத்தால் கஷாயம் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.